வாணலியும் ஏடும்: சீன வீட்டுக் கோழிக்கறி ஒன்றின் வரலாறு

சீனக் குடும்பங்களில் அன்றாடம் சமைக்கப்பெறும் கறிகளுள், கோழி இறைச்சியையும் காய்கீரைகளையும் பெருந்தீயில் விரைந்து கிளறி எடுக்கும் கறியும் ஒன்று. நறுக்குவதற்கு அரைமணி நேரம் ஆகும். அடுப்பில் சமைவதற்கு ஐந்து நிமிடம் போதும். பார்ப்பவர்க்கு இதில் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றும். முதன்முறை செய்து பார்ப்பவரோ, கோழி இரப்பர்போல் இறுகிக் கிடக்கவும் கீரை தண்ணீரில் மிதக்கவும் கண்டு, கற்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று உணர்வர். இக்கல்வி எங்கே தோன்றியது? யார் யாருக்குக் கற்பித்தனர்? மகள் தாயிடமும், பணியாள் தலைமைச் சமையற்காரரிடமும் கண்டு பழகி வந்த இத்தொழில் எப்போது ஏட்டில் ஏறியது? ஏன் ஏறியது? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், ஒரு கறியின் வரலாற்றோடு, கைத்தொழில் அறிவு எவ்வாறு பிழைக்கிறது, எவ்வாறு அழிகிறது என்பதும் புலனாகும்.

சொல்லின் வரலாறு

இம்முறைக்குச் சீனமொழியில் ‘ச்சாவ்’ என்று பெயர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்பவர்க்கு இச்சொல் புதியதன்று. ‘சார் குவே தியாவ்’ என்னும் உணவுப் பெயரின் முதலில் நிற்கும் ‘சார்’ இதே சொல்லின் ஹொக்கியன், தியோச்சூ ஒலிப்பேயாகும். சீன எழுத்தில் நெருப்பைக் குறிக்கும் உறுப்பு இச்சொல்லின் ஒரு பாதியாக அமைந்துள்ளது.

ஆயின் பண்டைநாளில் இச்சொல் கறி சமைப்பதைக் குறிக்கவில்லை. தானியத்தை எண்ணெயின்றி வறுத்து உலர்த்துவதையே குறித்தது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஜியா சிஸியே என்னும் அதிகாரி எழுதிய ‘ச்சிமின் யாவ்ஷூ’ என்னும் வேளாண்மைப் பெருநூலில் இம்மாற்றத்தைக் கண்ணெதிரே காணலாம். மது வடிப்பதற்கான நொதிப்பொருள் செய்யக் கோதுமையை வறுப்பதற்கு அந்நூல் இச்சொல்லை ஆள்கிறது. அதே நூலின் வேறோர் இடத்தில், முட்டையை உடைத்து மஞ்சளும் வெள்ளையும் கலக்க அடித்து, வெங்காயத்தாளின் வெண்பகுதியும் உப்பும் நொதிக்கவைத்த அவரைவிதையும் சேர்த்து, எள்நெய்யில் கிளறி எடுக்கும் முறைக்கும் இச்சொல்லே வருகிறது. ஒரே ஏட்டில் ஒரு சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் அருகருகே நிற்கின்றன.

தமிழாசிரியர்க்கு இவ்விடம் சுவை பயப்பது. இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? வறுத்தல் எண்ணெயின்றியும் நிகழும். அவ்வகையில் அது ‘ச்சாவ்’ என்பதன் பழம்பொருளோடு ஒத்துப்போகும். பொரித்தலில் பொருள் எண்ணெயில் மூழ்கிவிடும். வதக்குதல், காயின் நீர் மெல்லச் சுண்டும்வரை காத்திருப்பது. பிரட்டலோ மசாலை இறைச்சியில் ஒட்டும்வரை நீடிப்பது. பெருந்தீ, விரைவு என்னும் இரு பண்பாலும் இம்முறைக்கு அண்மையில் நிற்பது தாளிப்பே. ஆயினும் தாளிப்பில் பொரிவன கடுகும் மிளகாயும். கறி முழுவதும் அன்று. ஒரு சமூகத்தின் அடுப்பு எத்தகையதோ, அதன் வினைச்சொற்களும் அத்தகையன என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

விறகுப் பஞ்சம் மட்டுமா?

சீனத்தில் விறகு அரிதாகையால், குறைந்த எரிபொருளில் விரைவாகச் சமைக்கும் முறை தோன்றிற்று என்று பொதுவாகக் கூறுவர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின் முழு உண்மை இல்லை. எரிபொருளை மட்டும் மிச்சப்படுத்த வேண்டுமாயின், சோறு வேகும் பானையின்மேல் தட்டை வைத்துக் காயையும் ஆவியில் வேகவைத்துவிடலாம். எளிய குடும்பங்கள் அதைத்தான் பெரிதும் செய்தன. விரைந்து கிளறும் முறைக்கோ, விரைவில் சூடேறும் இரும்புப் பாத்திரம், போதிய எண்ணெய், சட்டென்று எரியும் வலிய தீ ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும்.

இரும்பை உருக்கி வார்க்கும் தொழிலைச் சீனர் கிறித்துவுக்கு முன்னரே அறிந்திருந்தனர். பிற்காலத்தில் மிங், ச்சிங் மன்னர் காலங்களில் குவாங்டொங் மாநிலத்து ஃபொஷான் நகரம் இரும்பு வாணலி வார்ப்பதில் பெயர்பெற்று விளங்கியது. எண்ணெயில் எள்நெய் முதலில் வந்தது; சுங் மன்னர் காலத்தில் கடுகினத்தைச் சேர்ந்த வித்துகளிலிருந்து பிழிந்த எண்ணெயும் பரவியது. வட சுங் தலைநகராகிய கைஃபெங்கில் விறகோடு நிலக்கரியும் அடுப்பெரித்தது. இம்மூன்றும் கூடிய இடம் பெருநகரத்து உணவுக்கடையாகும். ஆகவே இன்று வீட்டுக்கறி எனப்படுவது, தன் வளர்ச்சியில் ஒரு பகுதியைக் கடைத்தெருவுக்கும் கடன்பட்டிருக்கிறது.

இழந்த நகரின் நினைவு

அக்கடைத்தெருவைப் பற்றிய செய்தி கிடைத்ததே ஒரு பேரிழப்பினால்தான். 1127ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து வந்த ஜுர்ச்சென் படை கைஃபெங்கைக் கைப்பற்றியது. மக்கள் தெற்கே ஓடினர். அவர்களுள் ஒருவரான மெங் யுவான்லாவ், தாம் இளமையில் வாழ்ந்த நகரை நினைந்து ஒரு நூல் எழுதி, 1147இல் முன்னுரை வரைந்தார். தெருக்கள், திருவிழாக்கள், விளக்குகள் ஆகியவற்றோடு, உணவுக்கடைகளில் கிடைத்த பண்டங்களின் பெயர்களையும் அவர் அடுக்குகிறார். கிளறி வறுத்த நண்டும் சிப்பியும் அப்பட்டியலில் உள்ளன. நகரம் கைவிட்டுப் போகாதிருந்தால், நாள்தோறும் உண்ட பண்டத்தின் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

சுங் காலத்தவர் என்று மரபாகக் கருதப்படும் வூ குடும்பத்து அம்மையார் ஒருவர் பெயரிலும் ஒரு சிறு சமையல் நூல் வழங்குகிறது. அவருடைய இயற்பெயர் ஏட்டில் இல்லை. குலப்பெயர் மட்டுமே எஞ்சியது. அந்நூலில், இறைச்சியை மெல்லியதாக அரிந்து அவரைச்சாற்றில் அலசி, செந்நிறமாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் இட்டுக் கிளறி, குருதிநீர் நீங்கிச் சற்றே வெளுத்தவுடன் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லப்படுகிறது. மெல்லிய துண்டு, காய்ந்த சட்டி, குறுகிய நேரம் என்னும் மூன்று விதிகளும் அங்கேயே நிறைவாக அமைந்துவிட்டன.

புலவரும் சமையற்காரரும்

கோழிக்கறிக்கு வருவோம். ச்சிங் மன்னர் காலத்துப் பெரும்புலவர் யுவான் மெய் (1716–1798) நாஞ்சிங் நகரில் தோட்டம் அமைத்து வாழ்ந்தவர். 1792இல் வெளிவந்த அவருடைய ‘சுயியுவான் ஷிதான்’ என்னும் உணவு நூல் இருபது அறிவுரைகளோடும் பதினான்கு விலக்குகளோடும் தொடங்கி, முன்னூற்றுக்கு மேற்பட்ட உணவுகளை விளக்குகிறது. தீயின் அளவை அறிவதே சமையலின் தலையாய அறிவு என்பது அவர் கொள்கை. கிளறுவதற்கு வல்லென்ற தீயும், நெடுநேரம் வேகவைப்பதற்கு மெல்லென்ற தீயும் வேண்டும் என்று அவர் வகுக்கிறார்.

அந்நூலில் கோழித் துண்டு வறுவலுக்கும் இடமுண்டு. கோழியின் நெஞ்சுக்கறியைத் தோல் நீக்கி மெல்லியதாக அரிய வேண்டும். பயற்றுமாவு, எள்நெய், அவரைச்சாறு, முட்டையின் வெண்கரு ஆகியவற்றில் பிசறி வைக்க வேண்டும். சட்டியில் இடும் வேளையில் இஞ்சி, வெங்காயத்தாள் முதலியவற்றைச் சேர்த்து, மிக மிக வலிய தீயில் கிளற வேண்டும். இவ்வளவும் சொன்ன பின்னர் அவர் ஓர் அளவு தருகிறார்: ஒரு தட்டுக்கு நான்கு லியாங்குக்கு மேல் கூடாது, அதற்கு மேற்பட்டால் தீ உள்ளே ஊடுருவாது. நான்கு லியாங் என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 150 கிராம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன இவ்வொரு விதியை மீறுவதாலேயே இன்றும் பலருடைய கறி கெடுகிறது.

இவ்வறிவு புலவர்க்கு எங்கிருந்து கிடைத்தது? அவர் சட்டி பிடித்துச் சமைத்தவர் அல்லர். பிறர் வீட்டில் நல்லுணவு உண்டால், தம் சமையற்காரரை அவ்வீட்டு அடுப்படிக்கு அனுப்பி, மாணவன் ஆசிரியரிடம் பயில்வதுபோலப் பணிந்து பயிலச் செய்ததாக அவரே முன்னுரையில் கூறுகிறார். இவ்வாறு நாற்பதாண்டுகள் திரட்டிய செய்திகளே நூலாயின. ஆகவே, புலவர் எழுதிய நூலுக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ அடுப்படி ஆசிரியர்கள் நிற்கின்றனர்.

அவர்களுள் ஒருவர் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. வாங் சியாவ்யூ என்பவர் யுவான் மெய்யிடம் ஏறக்குறையப் பத்தாண்டுகள் சமையற்காரராக இருந்து மறைந்தார். அவருக்காகப் புலவர் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். அடுப்பின்முன் கண்ணிமைக்காமல் நிற்பாராம்; தீயைக் கூட்டு என்றால் கதிரவன்போல் எரியவும், குறை என்றால் விறகை ஒவ்வொன்றாக இழுக்கவும் ஏவலர் காத்திருப்பராம். பெருஞ்செல்வர் வீடுகளுக்குப் போகாமல் இங்கே ஏன் இருக்கிறாய் என்று கேட்டதற்கு, உணவை அறிந்து குறைகூறத் தெரிந்த தலைவர் கிடைப்பது அரிது என்று அவர் விடை கூறியதாகப் புலவர் எழுதுகிறார். அவர் மறைந்தபின் உணவு உண்ணும்போதெல்லாம் தாம் அழுததாகவும் குறிக்கிறார். பணியாளர்க்கு வரலாறு எழுதும் வழக்கம் அருகியிருந்த காலத்தில் இஃது ஒரு பெருஞ்செயலாகும்.

மருத்துவர் எழுதிய சமையல் நூல்

யுவான் மெய் வாழ்ந்த அதே நாஞ்சிங்கில் 1889ஆம் ஆண்டு பிறந்தவர் பூவெய் யாங் சாவ் அம்மையார். வசதியுள்ள குடும்பத்தில் பிறந்த அவர் இளமையில் அடுப்பின் பக்கம் செல்லவில்லை. ஜப்பானுக்குச் சென்று மருத்துவம் பயின்றபோது, அங்குள்ள உணவு தமக்கு ஒவ்வாமையால், தாமே சமைக்கக் கற்றார். கற்பிக்கத் தாய் அருகில் இல்லை. நாவில் நின்ற சுவையே அவருக்கு ஆசிரியராயிற்று. நாடு திரும்பி மருத்துவத் தொழில் புரிந்து, 1921இல் மொழியியல் அறிஞர் யுவென் ரென் சாவை மணந்தார். பின்னர் அக்குடும்பம் அமெரிக்காவில் தங்கியது.

1945இல் நியூயார்க்கில் அவருடைய சமையல் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அறிஞர் ஹூ ஷியும், நோபெல் பரிசு பெற்ற எழுத்தாளர் பெர்ல் பக்கும் அதற்கு முன்னுரைகள் எழுதினர். சீனர் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பெற்று அப்போது இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. சீன உணவு என்றால் அமெரிக்கர்க்குக் கடைகளில் கிடைத்த ‘சாப் சூயி’ என்னும் கலவையே பெரிதும் தெரியும். சீனர் தம் வீட்டில் என்ன உண்பர், எப்படி உண்பர் என்பதை அந்நூல் எடுத்துரைத்தது.

‘ச்சாவ்’ என்பதற்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லை என்பதை அம்மையார் உணர்ந்தார். பெருந்தீ, சிறிதளவு எண்ணெய், இடைவிடாத கிளறல், விரைவு, சிறுதுண்டுகளாக நறுக்கிய பொருள், நீர்ப்பதமான சுவைப்பொருள் ஆகிய பண்புகளை அடுக்கிக் காட்டிவிட்டு, சுருக்கமாக ‘ஸ்டிர்-ஃப்ரை’ என்னும் கூட்டுச்சொல்லை ஆண்டார். இச்சொல்லாக்கத்தில் மொழியியல் அறிஞரான கணவர்க்கும் பங்குண்டு என்பர். இன்று உலகெங்கும் வழங்கும் அச்சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்றது இந்நூலால்தான்.

நூல் உருவான கதை கவனத்திற்குரியது. அம்மையார் சொன்னவற்றை ஆங்கிலமாக்கியவர் மூத்த மகள் ரூலான். அந்த ஆங்கிலத்தைத் திருத்தியவர் கணவர். மகளோடு மூண்ட பூசல்களை அம்மையார் தம் குறிப்பில் ஒளிவின்றிக் கூறுகிறார். மருத்துவம் பார்க்க வேண்டியவர் சமையல் நூல் எழுதியதற்காக வெட்கப்படுவதாகவும் அங்கே எழுதுகிறார். வேடிக்கையாகச் சொல்லப்பட்டாலும், அச்சொல்லில் ஓர் உண்மை உண்டு. நோய் தீர்க்கும் அறிவே கல்வி, பசி தீர்க்கும் அறிவு கல்வியன்று என்னும் எண்ணம் கற்றவர் உள்ளத்தில் அத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது. ரூலான் பிற்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராகி, சீன இசை ஆராய்ச்சியில் புகழ்பெற்றார்.

தைவானில் ஒரு மாணவி

தாயிடம் கற்கும் வாய்ப்பை இழந்த மற்றொருவர் ஃபூ பெய்மெய் (1931–2004). வடசீனத்துத் தாலியன் நகரில் பிறந்த இவர், 1949இல் உள்நாட்டுப் போரின் முடிவில் தைவானுக்கு வந்தவர். திருமணமான புதிதில் இவருக்குச் சமைக்கத் தெரியாது. கணவரும் அவர் நண்பர்களும் குறைகூறவே, தம் திருமண நகைகளை விற்று, உணவகச் சமையற்காரர்களை வீட்டுக்கு அழைத்துப் பணம் கொடுத்துக் கற்றார். கற்றதைத் தம் வீட்டு முற்றத்திலேயே பிற பெண்களுக்குக் கற்பித்தார். 1962இல் தைவானில் தொலைக்காட்சி தொடங்கியபின் அதில் சமையல் கற்பித்து, பல பத்தாண்டுகள் அப்பணியைத் தொடர்ந்தார். 1969இல் வெளிவந்த அவருடைய நூல் சீனமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைய அச்சிடப்பெற்றது.

அன்றைய தைவானில் பல மாநிலத்து மக்கள் அகதிகளாய் வந்து நெருங்கி வாழ்ந்தனர். தாயை அக்கரையில் விட்டுவந்த இளம்பெண்கள் பலர். அவர்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியே தாயின் அடுப்படியாயிற்று. மெங் யுவான்லாவுக்கு நகரம் இல்லாதாயிற்று; யுவான் மெய்க்குச் சமையற்காரர் இல்லாதாயினார்; பூவெய் அம்மையாருக்கும் ஃபூ பெய்மெய்க்கும் வீடு தொலைவாயிற்று. எல்லா ஏடுகளும் இழப்பில் பிறந்தவை என்று சொல்ல இயலாது. ஜியா சிஸியே எழுதியது வேளாண்மை நலம் கருதியே. ஆயினும், கைவழி வந்த அறிவு அறுந்துபோகும் இடங்களில் ஏட்டின் தேவை மிகுதியாக உணரப்பட்டது என்பது தெளிவு.

இந்நாடுகளின் வாணலிகள்

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த சீனருள் தொடக்கத்தில் ஆடவரே மிகுதி. 1933இல் நீரிணைக் குடியேற்றப் பகுதியில் வந்த அயலார் சட்டம் சீன ஆடவர் வருகைக்கு வரம்பு கட்டியது. பெண்களுக்கு 1938வரை அத்தடை இல்லை. அவ்வாண்டுகளில் குவாங்டொங் பகுதிப் பெண்கள் பெருந்தொகையாக வந்தனர். சிலர் கட்டட வேலையில் ஈடுபட்டனர். சிலர் வீடுகளில் ‘ஆமா’ எனப்படும் பணிப்பெண்களாயினர். பல வீடுகளின் பிள்ளைகள் அறிந்த சீனச் சமையல் இவர்கள் கைச்சமையலே. இவர்கள் நூல் எழுதவில்லை.

தமிழர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. சீனரின் மஞ்சள் மீயை வாங்கி, மிளகாய் விழுதும் தக்காளியும் சேர்த்து, ‘குவாலி’ என மலாயர் கூறும் வாணலியில் பெருந்தீயில் கிளறித் தந்தவர்கள் தமிழ் முஸ்லிம் அங்காடிக்காரர்கள். அம்மீ கோரெங்கைத் தமிழ்நாட்டிலிருந்து யாரும் கொண்டு வரவில்லை. பக்கத்துக் கடைக்காரரின் கையைப் பார்த்துக் கற்றதன் பயன் அது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் சிங்கப்பூரின் அங்காடி உணவு மரபை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

செய்முறையும் காரணமும்

இனி, கற்பவர் அறிய வேண்டியவற்றைக் காணலாம். ஒரு வேளைக்கு 250 கிராம் கோழிக்கறி போதும். அதையும் இருமுறையாகப் பிரித்து இடுவது நன்று. தசைநாரின் போக்குக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்தால் நார் குறுகி, மென்மை உண்டாகும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாறு, இரண்டு தேக்கரண்டி சோளமாவு, சிறிது சர்க்கரை, சிறிது எண்ணெய் சேர்த்துக் கால்மணி நேரம் வைக்க வேண்டும். மாவு மெல்லிய போர்வையாகி இறைச்சியின் நீரைக் காக்கும். யுவான் மெய் பயற்றுமாவைக் கொண்டு செய்ததும் இதற்காகவே. மக்காச்சோளமோ அமெரிக்காக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில்தான் சீனத்துக்கு வந்தது.

கைலான், சாவி, கேரட் எதுவாயினும் கழுவியபின் ஈரம் போக வடிய வைக்க வேண்டும். நீர் 100 பாகைக்கு மேல் சூடேறாது ஆவியாகும். இறைச்சி சிவந்து மணம் பிறப்பதற்கோ ஏறத்தாழ 140 பாகை வெப்பம் வேண்டும். சட்டியில் நீர் தேங்கினால் வெப்பம் முழுவதும் அந்நீரை ஆவியாக்குவதிலேயே கழிந்து, கறி வறுபடாமல் வெந்துவிடும். ஒரே நேரத்தில் நிறைய இட்டாலும் இதே கேடுதான். நான்கு லியாங் என்னும் பழைய விதியின் உட்பொருள் இதுவே.

வெறும் வாணலியை மெல்லிய புகை எழும்வரை காய்ச்சி, எண்ணெய் ஊற்றி, இஞ்சியும் பூண்டும் இட்டு, உடனே கோழியைப் பரப்ப வேண்டும். சிறிது நேரம் கிளறாமல் விட்டுப் பின்னர்ப் புரட்டி, முக்கால் பதத்தில் தட்டுக்கு மாற்ற வேண்டும். அதே வாணலியில் முதலில் தண்டும் கேரட்டும், பின்னர் இலையும் இட்டு, ஓரிரு கரண்டி நீர் தெளித்துக் கிளறி, கோழியை மீண்டும் சேர்த்து, சோயா சாற்றில் கரைத்த சிறிது மாவை ஊற்றிப் பளபளப்பு வந்தவுடன் இறக்க வேண்டும். கோழித்துண்டின் நடுப்பகுதி இளஞ்சிவப்பு நீங்கி வெளுத்திருப்பதை உறுதி செய்வது இன்றியமையாதது.

இவ்வளவையும் ஏடு சொல்லிவிடும். சட்டி எப்போது போதிய அளவு காய்ந்தது, இலை எப்போது துவளத் தொடங்குகிறது என்பவற்றைக் கண்ணும் காதும் மூக்குமே அறிய வேண்டும். காய் விழுந்தவுடன் எழும் ஓசை அடங்கினால் தீ போதவில்லை என்று பொருள். வாங் சியாவ்யூ அடுப்பின்முன் இமைக்காமல் நின்றது இதற்காகவே.

ஏடு கைக்கு ஈடாகாது. ஆயினும் கை மறைந்தபின் எஞ்சுவது ஏடு ஒன்றே. வாங் சியாவ்யூவின் பெயரை இன்று அறிய முடிவது, அவர் தலைவர் எழுதுகோலை எடுத்ததால்தான். ஆமாக்களின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துபோயின; முதன்முதல் மீ கோரெங் கிளறிய தமிழ்க் கை எது என்பதும் ஏட்டில் ஏறவில்லை. ஒவ்வொரு தமிழ் வீட்டிலும், அளவுகோல் இல்லாமல் கைப்பிடியால் அளந்து சமைத்த பாட்டியின் முறை ஒன்று இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் அதைக் கேட்டு, அருகிருந்து பார்த்து, எழுதி வைப்பார்களாயின், அது மொழிப்பயிற்சியாகவும் அமையும். வரலாற்றுப் பணியாகவும் அமையும். அதற்குரிய காலம், அக்கை அடுப்படியில் இயங்கிக்கொண்டிருக்கும் காலமேயாகும்.